பச்சிளம் குழந்தைக்கான சர்ஃபாக்டன்ட்: மூன்று குப்பிகளைக் கையாண்ட ஒரு மருத்துவரின் மதிப்பீடு

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த குப்பியைப் பார்த்துவிட்டு, "இதற்குத்தானா டாக்டர் இவ்வளவு பணம்?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீர் கலந்த பால்போல மூன்று மில்லி லிட்டர் திரவம் இருக்கிறது; குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குள் ஊற்றும் சர்ஃபாக்டன்ட் என்னும் மருந்து அது. அதன் விலையோ அவரைப் போன்ற கூலித் தொழிலாளியின் ஒரு மாத வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இப்படி விலை கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றித் தமிழில் ஒரு மதிப்பீடு கூட என் கண்ணில் பட்டதில்லை. கைப்பேசிக்கும் மிக்சிக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு மாவட்டத் தலைநகரில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், என் கைக்கு வந்த மூன்று தயாரிப்புகளான சர்வான்டா, நியோசர்ஃப், க்யூரோசர்ஃப் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்திடமிருந்தும் இதற்காக நான் எதுவும் பெறவில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளவை முடிவுசெய்வதும் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மருந்து என்ன வேலை செய்கிறது என்பது புரியாமல் அதன் தரத்தைப் பேச முடியாது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் அந்தப் படலம் நுண்ணறையைச் சுருக்கவே முயல்கிறது. நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் அதை ஊதிப் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடப்பதும் அதுவே. லாப்லாஸ் விதிப்படி, கோள வடிவ அறையைத் திறந்து வைக்கத் தேவைப்படும் அழுத்தம் பரப்பு இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே அறை சிறுக்கச் சிறுக்க அழுத்தம் கூடிக்கொண்டே போகும். குறைமாதக் குழந்தையின் நுண்ணறையோ மிகமிகச் சிறியது. இங்கேதான் நுரையீரல் தானே சுரக்கும் சர்ஃபாக்டன்ட் வருகிறது. உடல் வெப்பநிலையில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 70 மில்லி நியூட்டன். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் கணத்தில் சர்ஃபாக்டன்ட் அதைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்து நுண்ணறை முழுதும் மூடிவிடாமல் காக்கிறது. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் கொழுப்புப் பொருள்கள், எஞ்சியது புரதம். கொழுப்பில் முதன்மையானது டைபால்மிடோயில் பாஸ்பாடிடைல்கோலின் என்னும் பாஸ்போலிப்பிடு. நுண்ணறைச் சுவரின் இரண்டாம் வகைச் செல்கள் கருவின் 24-ஆம் வாரத்தை ஒட்டி இதைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. போதுமான அளவு சேர்வதற்கு 34, 35 வாரம் ஆகிவிடுகிறது.

"ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். நுண்ணறைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூச்சுக்குச் சாதகமே.

சர்ஃபாக்டன்ட் போதாமல் பிறக்கும் குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் தன் நிலையைத் தெரிவித்துவிடும். மூக்குத் துளைகள் விரியும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கும், மூச்சை விடும்போது ஒரு முனகல் கேட்கும். அந்த முனகலை அழுகை என்று உறவினர்கள் எண்ணி ஆறுதல் அடைவதுண்டு. உண்மையில் அது குரல்வளையைப் பாதி மூடி, நுண்ணறைகளுக்குள் காற்றைத் தேக்கி வைத்துக்கொள்ளக் குழந்தை தானாகவே செய்யும் முயற்சி. ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் இரண்டும் தேய்த்த கண்ணாடிபோல் மங்கித் தெரியும். அந்த மங்கலின் நடுவே மூச்சுக்குழாய்க் கிளைகள் கருங்கோடுகளாக ஓடும். இதற்குக் குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறல் நோய் என்று பெயர். முன்னர் ஹயலின் சவ்வு நோய் என்றார்கள்.

இந்தக் குப்பி எளிதில் வந்துவிடவில்லை. 1929-இல் கர்ட் ஃபோன் நேயர்கார்ட் என்பவர் நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் விரிப்பது எளிது என்று காட்டி, சுருங்கும் விசையில் பெரும்பங்கு பரப்பு இழுவிசையுடையது என்றார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1950-களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டிலும் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸும், நச்சு வாயுக்கள் நுரையீரலை என்ன செய்கின்றன என்று ராணுவ ஆய்வகங்களில் ஆராய்ந்த வழியில் இந்தப் பொருளை வந்தடைந்தார்கள். 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜீர் மீடும், ஹயலின் சவ்வு நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அது இல்லை என்று நிறுவினார்கள். காரணம் தெரிந்தும் கையில் மருந்து இல்லாத இருபது ஆண்டுகள் அதன்பின் கழிந்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரம் முன்னதாகச் சுமார் 2.1 கிலோ எடையுடன் பிறந்தான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உயரழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்தும் 39 மணி நேரத்தில் இறந்தான். அந்த எடையில் அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தை இன்று எங்கள் பிரிவில் இறந்தால் நாங்கள் கூடி உட்கார்ந்து காரணம் தேடுவோம்.

1960-களில் சர்ஃபாக்டன்டின் முதன்மைக் கொழுப்பான அந்த ஒற்றைப் பாஸ்போலிப்பிடை மட்டும் பனிபோல் தெளித்துப் பார்த்தார்கள், பலன் கிட்டவில்லை. 1980-இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் நேரடியாக ஊற்றி, அவர்கள் தேறியதை வெளியிட்டார். அங்கிருந்துதான் இன்றைய மருந்துகளின் காலம் தொடங்குகிறது. இடையில் 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸோசர்ஃப் புரதமே இல்லாத செயற்கைத் தயாரிப்பு. விலங்கிலிருந்து எடுத்தவற்றுடன் ஒப்பிட்டபோது அது பின்தங்கியது; விலங்கு வழி மருந்து பெற்ற குழந்தைகளிடம் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவதும் இறப்பும் குறைவாக இருந்தன. கொழுப்பை நீர்ப்பரப்பில் வேகமாகப் பரப்புபவை எஸ்பி-பி, எஸ்பி-சி என்னும் இரு சிறு புரதங்கள். அவை இல்லாத குப்பி பாதி மருந்துதான்.

இனிக் குப்பிகளுக்கு வருகிறேன். சர்வான்டா, ஃபுஜிவாராவின் தயாரிப்பின் நேர் வாரிசு. மாட்டு நுரையீரலை அரைத்துச் சாறெடுத்து, அதனுடன் பாஸ்போலிப்பிடு, பால்மிடிக் அமிலம், டிரைபால்மிடின் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது. ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி கிராம் பாஸ்போலிப்பிடு. கிலோவுக்கு 4 மில்லி லிட்டர், அதாவது 100 மில்லி கிராம் கொடுக்க வேண்டும். நியோசர்ஃப் நம் நாட்டின் சிப்லா நிறுவனம் விற்பது. மாட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த கொழுப்புச் சாறு. ஒரு மில்லி லிட்டரில் 27 மில்லி கிராம். கிலோவுக்கு 5 மில்லி லிட்டர், அதாவது 135 மில்லி கிராம். க்யூரோசர்ஃப் இத்தாலியின் கியேசி நிறுவனத்துடையது. ஸ்டாக்ஹோமில் டோரே குர்ஸ்டெட், பெங்ட் ராபர்ட்சன் என்னும் இருவர் பன்றி நுரையீரலிலிருந்து உருவாக்கிய இதன் பெயரிலேயே அவர்கள் பெயர்களின் தொடக்க எழுத்துகள் இருக்கின்றன. ஒரு மில்லி லிட்டரில் 80 மில்லி கிராம்; முதல் தவணை கிலோவுக்கு 2.5 மில்லி லிட்டர், அதாவது 200 மில்லி கிராம்.

இந்த எண்களைக் கோப்பில் படிக்கும்போது எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் தலைமாட்டில் நிற்கும்போதுதான் வேறுபாடு உறைக்கும். அந்தக் குழந்தை ஒருமுறை இழுக்கும் மூச்சின் கொள்ளளவே சுமார் 5 மில்லி லிட்டர். நியோசர்ஃபின் ஒரு தவணை முழுவதும் அதே 5 மில்லி லிட்டர், சர்வான்டா 4, க்யூரோசர்ஃப் இரண்டரை. ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் நுரையீரலுக்குள் ஒரு முழு மூச்சளவு திரவத்தை ஊற்றுகிறோம் என்பதை இளம் மருத்துவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். சர்வான்டாவின் தவணையை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்பங்குக்கும் குழந்தையின் கிடையை மாற்றி, இடையில் குறைந்தது அரை நிமிடம் மூச்சுக் கொடுத்து நிலைப்படுத்தியபின்தான் அடுத்த பங்கைக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஆக்சிஜன் அளவு சரியும், இதயத் துடிப்பு குறையும், மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாய் வழியே திரவம் மேலேறி வரும். நிறுத்தி, காத்திருந்து, மீண்டும் தொடங்க வேண்டும். பெரிய தவணைகளைக் கொடுக்கும்போது என் கையைவிடக் குழந்தையின் தலையைப் பிடித்திருக்கும் செவிலியரின் கைக்குத்தான் அதிக வேலை. க்யூரோசர்ஃபில் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைகிறது. என் மதிப்பீட்டில் இதுதான் அதன் முதல் சிறப்பு, விலையைப் பற்றிய முணுமுணுப்பை மீறியும்.

இரண்டாவது சிறப்பைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அரைத்தெடுத்த மாட்டுச் சர்ஃபாக்டன்டைப் பெற்றவர்களைவிடப் பன்றிச் சர்ஃபாக்டன்டைப் பெற்ற குழந்தைகளிடம் இறப்பும் மறு தவணைத் தேவையும் குறைவு என்றது. ஆனால் அந்தச் சாதகம் முக்கியமாகத் தென்பட்டது பன்றிச் சர்ஃபாக்டன்டைக் கூடிய அளவில் கொடுத்த ஆய்வுகளில்தான். ஆகவே வென்றது பன்றியா, கூடுதல் மில்லி கிராமா என்று பிரித்துச் சொல்ல இடமில்லை. விற்பனைப் பிரதிநிதிகள் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை. மாட்டு வழித் தயாரிப்புகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. எனவே சர்வான்டாவா நியோசர்ஃபா என்ற விவாதத்தில் நான் நேரத்தைச் செலவிடுவதில்லை, எது அந்த வாரம் குளிர்ச்சி கெடாமல் கிடைக்கிறதோ அதுவே நல்லது.

குப்பியின் அளவு பணத்தையும் தொடுகிறது. க்யூரோசர்ஃப் 1.5 மில்லி லிட்டர், 3 மில்லி லிட்டர் என்று இரு அளவுகளில் வருகிறது. 600 கிராம் குழந்தைக்குச் சிறிய குப்பி சரியாக ஒன்று; 1,200 கிராம் குழந்தைக்குப் பெரியது சரியாக ஒன்று; 1,800 கிராமுக்கு இரண்டும் சேர்த்து. 1,200 கிராம் குழந்தைக்குச் சர்வான்டா 4.8 மில்லி லிட்டர் தேவை. 4 மில்லி லிட்டர் குப்பி போதாது, 8 மில்லி லிட்டர் குப்பியைத் திறந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக வீணாகும். திறந்த குப்பியில் எஞ்சியதை எடுத்து வைக்கக் கூடாது. கிருமி நாசினி எதுவும் இதில் இல்லை. விலைப் பட்டியலை மட்டும் பார்த்து எது மலிவு என்று தீர்மானிப்பவர்கள் குப்பைக் கூடைக்குப் போகும் மில்லி லிட்டர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பது சிறிய செய்திபோல் தோன்றும். நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், இரவு இரண்டு மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்தபோது உறைதட்டில் ஒட்டியிருந்த குப்பி கல்லாக உறைந்திருந்தது. யாரோ தடுப்பூசிப் பெட்டிகளுக்கு இடம் விட்டு அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். உறைந்து கெட்ட மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க இயலாது. அந்தக் குழந்தையின் தாய்மாமன் இருசக்கர வாகனத்தில் அடுத்த ஊருக்குப் போய், தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே இன்னொரு குப்பியைக் கொண்டுவரும்வரை நாங்கள் சுவாசக் கருவியின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தை பிழைத்தது. அந்த இரவுக்குப் பிறகு எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதலில் குளிர்பெட்டியின் நடுத்தட்டையும் அதிலுள்ள வெப்பமானியையும் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

எடுத்த குப்பியை அவசரப்பட்டு வெந்நீரில் வைக்கக் கூடாது. சர்வான்டாவின் குறிப்பேடு அறை வெப்பத்தில் குறைந்தது 20 நிமிடம், அல்லது உள்ளங்கைக்குள் குறைந்தது 8 நிமிடம் என்கிறது. உள்ளங்கை முறை எனக்குப் பிடிக்கும். குழாய் பொருத்தும் ஏற்பாடுகள் நடக்கும் அந்த எட்டு நிமிடங்கள் ஒருவரைச் சும்மா நிற்கவைத்து நிதானப்படுத்தவும் உதவுகின்றன. குப்பியைக் குலுக்குவது இன்னொரு தவறு. இருமல் மருந்தைக் குலுக்கிப் பழகிய கை இதையும் குலுக்கும். நுரை வந்துவிட்டால் ஊசிக்குள் மருந்தைவிடக் காற்றுதான் அதிகம் ஏறும். மெல்லத் தலைகீழாகச் சாய்த்தால் போதும்.

கொடுக்கும் முறையில்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிய மாற்றம். நான் பயிற்சி பெற்ற நாளில் மிகச் சிறிய குழந்தை என்றால் பிறந்த உடனே குழாய் பொருத்தி முன்கூட்டியே சர்ஃபாக்டன்ட் கொடுப்பது சிறந்தது என்று கற்றுக்கொடுத்தார்கள். 2010-இல் வெளியான சப்போர்ட் ஆய்வு, 24 முதல் 27 வாரக் குழந்தைகளிலும் முதலில் சி-பாப் எனப்படும் தொடர் நேரழுத்தத்தை மூக்கின் வழியே கொடுத்துப் பார்ப்பது தகுந்த மாற்று என்று காட்டியது. இப்போது சி-பாப் முதலில். அதிலும் அழுத்தம் 6 சென்டிமீட்டர் நீரளவு இருந்தும் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். தேவை என்று தெரிந்தபின் தாமதிக்கக் கூடாது. குழாய் பொருத்திய குழந்தைகளில் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்கள் பிந்திக் கொடுத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குமிழ் சி-பாப் கருவியைப் பார்த்தவர்களுக்கு அதன் எளிமை வியப்பளிக்கும். வெளிமூச்சுக் குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ அத்தனை அழுத்தம், அவ்வளவுதான். சர்ஃபாக்டன்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க ஆயத்தமாக இருக்கும் நிர்வாகங்கள் மூக்குக்குப் பொருந்தும் சரியான அளவு முனைகளை வாங்கித் தரத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். முனை பொருந்தாமல் காற்றுக் கசிந்தால் அந்தக் குப்பியின் பலனும் கசிந்துபோகும்.

குழாய் பொருத்தி, மருந்து கொடுத்து, உடனே குழாயை எடுத்துச் சி-பாப்புக்குத் திரும்புவது இன்ஷூர் முறை. அதற்கும் மேலாக, சுவாசக் கருவியின் குழாயே இல்லாமல், குழந்தை தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மெல்லிய குழாயைக் குரல்நாண்களுக்கு ஊடே செலுத்தி மருந்தை மெல்ல விடுவது இன்று லிசா என்ற பெயரால் வழங்குகிறது. ஜெர்மனியில் பரவிய இதைத் துருக்கி மருத்துவர்கள் வயிற்றுக்குப் பாலூட்டப் பயன்படும் சாதாரண 5 எண் குழாயைக் கொண்டே செய்து காட்டினார்கள். எங்களைப் போன்ற இடங்களுக்கு அது பெரிய வரம். இரண்டரை மில்லி லிட்டரை இப்படி ஓரிரு நிமிடங்களில் விடலாம். ஐந்து மில்லி லிட்டரை விட முயன்றால் பாதி தொண்டைக்கு வந்து குழந்தை மூச்சை நிறுத்திக்கொள்ளும். லிசாவைப் பழக விரும்பும் பிரிவு அடர்த்தி கூடிய மருந்தை வாங்குவதே முறை.

மருந்து உள்ளே போனபின் நடப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி எத்தனை முறை கண்டாலும் குறைவதில்லை. சில நிமிடங்களில் ஆக்சிஜன் தேவை 60 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்கும். உள்வாங்கிய மார்பு நிமிரும். அறையில் முனகல் நின்றுவிட்டதை யாராவது ஒருவர் முதலில் கவனித்துச் சொல்வார். அந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்தும் இருக்கிறது. நுரையீரல் திடீரென்று இளகிவிட்டதால், முந்தைய அழுத்தம் இப்போது மிகை. சுவாசக் கருவியை உடனே இறக்காவிட்டால் நுரையீரல் கிழிந்து காற்றுக் கசியும். அதேபோல் குழாய் வலது மூச்சுக்குழாய்க் கிளைக்குள் இறங்கியிருந்தால் மருந்து முழுவதும் ஒரே நுரையீரலுக்குப் போய்ச் சேரும். குழந்தையின் கிலோ எடையுடன் 6-ஐக் கூட்டினால் உதட்டருகே குழாய் நிற்க வேண்டிய சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு 7. மருந்தை ஊசியில் ஏற்றும்முன் இந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. மிகச் சிறிய குழந்தைகளில் சில வேளை நுரையீரலுக்குள் இரத்தக் கசிவும் ஏற்படுவதுண்டு. பெற்றோரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரு மருந்து மாட்டிலிருந்து வருகிறது, இன்னொன்று பன்றியிலிருந்து. இந்துக் குடும்பமாக இருந்தாலும் இசுலாமியக் குடும்பமாக இருந்தாலும் இது தெரியாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையாகாது. நான் சொல்லியபின் மறுத்த குடும்பம் இதுவரை இல்லை. ஒரு பெரியவர் மட்டும் சற்று நேரம் வெளியே போய், யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, "உசுரு காக்க எதுவும் ஆகும்னு சொல்லிட்டாங்க, குடுங்க டாக்டர்" என்றார். அவர் எடுத்துக்கொண்ட அந்த ஐந்து நிமிடம் குப்பி சூடேறவே தேவைப்பட்டது.

எல்லா மூச்சுத்திணறலுக்கும் இது மருந்தல்ல என்பதையும் வாங்குபவர் அறிய வேண்டும். நாள் நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்திலேயே அறுவை செய்து எடுக்கப்படும் குழந்தைகளிடம் நுரையீரல் நீர் வடியாமல் சில நாள் வேகமூச்சு வருவதைத் தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்குச் சர்ஃபாக்டன்ட் தேவையில்லை. ஆக்சிஜனும் பொறுமையும் போதும், சோதிடர் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அவையும் தேவைப்பட்டிருக்காது. வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை உள்ளிழுத்த நிறைமாதக் குழந்தைகளில், அந்த மலம் குழந்தையின் சொந்தச் சர்ஃபாக்டன்டைச் செயலிழக்கச் செய்கிறது. கடுமையான நிலையில் வெளியிலிருந்து கொடுப்பது உதவலாம், ஆனால் குறைமாதக் குழந்தையிடம் காணும் அந்த உடனடி மாற்றத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. கிருமித் தொற்றால் வரும் நுரையீரல் அழற்சியிலும் அப்படியே.

விலையைப் பற்றிக் கேட்ட அந்தத் தந்தைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் செம்மறி ஆடுகளிடம் தற்செயலாகக் கண்டதைத் தொடர்ந்து, அவரும் ரோஸ் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, குறைப்பிரசவம் நேரும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று காட்டியது. நம் நாட்டின் வழிகாட்டுதல்படி 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாய்க்கு 6 மில்லி கிராம் டெக்சாமெத்தசோன் 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை போட வேண்டும். நான்கு ஊசிக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கும். அவருடைய மனைவி வலியுடன் முதலில் போன இடத்தில் அந்த ஊசியைப் போடாமலே அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்டிருந்தாலும் குப்பி தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஊசி போட்ட தாயின் குழந்தைக்குக் கொடுக்கும் குப்பி கூடுதலாக வேலை செய்கிறது, மறு தவணை கேட்பது குறைகிறது. அந்த நேரத்தில் இதைச் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

சர்ஃபாக்டன்ட் நம் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் குடும்பம் கைப்பணம் போடாமலே பல குழந்தைகள் இதைப் பெறுகின்றன; சிறு தனியார் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு, வாசலில் நிற்கும் வண்டியில் வெப்பமும் சி-பாப்பும் இருக்குமானால், உள்ளேயே வைத்துக் குப்பி தேடுவதைவிட அங்கே அனுப்புவது பல நேரம் சிறந்த முடிவு. சுவாசக் கருவியும் ஊடுகதிர்ப் படமும் இரவில் குழாய் பொருத்தத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில் குளிர்பெட்டியில் இந்தக் குப்பியை வாங்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் பிரிவின் அடுத்த கொள்முதலுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: க்யூரோசர்ஃப் 3 மில்லி லிட்டர் நான்கு, 1.5 மில்லி லிட்டர் ஆறு. அது கிடைக்காத வாரங்களுக்கு நியோசர்ஃப் இரண்டு தவணைக்குப் போதுமான குப்பிகள். 5 எண் பாலூட்டும் குழாய்கள் ஒரு பெட்டி. மூக்கு முனைகள் எல்லா அளவிலும். குளிர்பெட்டிக்குப் புதிய வெப்பமானி ஒன்று. மருந்துகளுக்கு நிர்வாகம் உடனே ஒப்புதல் தந்துவிட்டது. மூக்கு முனைகளுக்கு இன்னும் மூன்று விலைப்புள்ளிகள் கேட்டிருக்கிறார்கள்.